சீழணு உண்டு, கிருமி இல்லை

சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரமாகவே சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். மருத்துவர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் முடிவு வந்துவிட்டது. மேலே ஒரு வரி: சீழணுக்கள் இயல்பை விட அதிகம். கொஞ்சம் கீழே, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எதிரே இன்னொரு வரி: வளர்ச்சி எதுவும் இல்லை.

பெரும்பாலானவர்கள் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். நீர்க்கடுப்புதான், தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்று பேச்சும் அத்தோடு முடிந்துபோகிறது. ஆனால் இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்வி எழத்தான் வேண்டும். சீழணு என்பது வேறொன்றுமில்லை, நோயை எதிர்க்க உடல் அனுப்பும் வெள்ளையணுதான். கிருமியே இல்லாத இடத்தில் அவை எதற்காக இத்தனை கூடின?

காரணம் பலவாக இருக்கலாம். சிறுநீரகத்தில் கல் இருந்தாலும் அறிக்கை இப்படி வரும். காசநோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தாலும் வரும். பரிசோதனைக்கு முன்பே வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை விழுங்கியிருந்தாலும் தட்டில் கிருமி வளராது. ஆனால் உடலுறவு கொள்ளும் இளம் வயதினர் ஒருவரின் அறிக்கை இப்படி இருந்தால், முதல் வரிசையில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் கிளமிடியா. ஆய்வகத்தின் வழக்கமான வளர்ப்புத் தட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் அது முளைக்காது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். செல்லுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஆகவே 'வளர்ச்சி இல்லை' என்ற சொல், கிளமிடியா இல்லை என்று ஒருபோதும் சொல்லவில்லை. அந்தச் சோதனை அதைத் தேடவே இல்லை.

பாக்டீரியாவால் பரவும் பாலியல் தொற்றுகளில் உலகிலேயே அதிகமாகக் காணப்படுவது இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 12.9 கோடி புதிய கிளமிடியா தொற்றுகள் ஏற்பட்டன. அவ்வளவு பரவலான ஒரு நோயைப் பற்றி நம்மில் பலர் பெயரளவில்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. எய்ட்ஸ் தெரியும், சிஃபிலிஸ் என்ற மேகப்புண் தெரியும், வெட்டை என்ற பழைய சொல்லும் தெரியும். இதற்கு மட்டும் வழக்கில் ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததற்குக் காரணமும் நோயின் இயல்பிலேயே இருக்கிறது: தொற்றியவர்களில், பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் அறிகுறி என்று எதுவும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் பெயர் வைப்பார்கள்?

எனவே அறிகுறிகளைச் சொல்லத் தொடங்கும் முன்பே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கீழே வருவனவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள். எதுவுமே இல்லையென்றால், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு அமைதியாக இது எப்படி இருக்கிறது என்பதற்குக் கிருமியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று விதை போன்றது: மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. செல்லுக்கு வெளியே இருக்கும்போது பெருகாமல் இறுகிக் கிடக்கும். சிறுநீர்க் குழாயின் உட்சுவர், கருப்பை வாயின் உட்புறம், ஆசனக் குடல், கண்ணிமையின் உள்தோல் என ஈரமான மெல்லிய பரப்புகளில் உள்ள செல்லொன்றைத் தொட்டதும் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த பிறகு தன்னைச் சுற்றி ஒரு குமிழியை அமைத்துக்கொண்டு, உருமாறி, அந்தக் குமிழிக்குள்ளேயே இரண்டாகவும் நான்காகவும் பெருகத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் குமிழி முழுக்கக் கிருமிகள். மறுபடி விதைகளாகி, செல்லை விட்டு வெளியேறி, பக்கத்துச் செல்லைப் பிடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பகுதிக் காலம் அது செல்லின் மறைவிலேயே இருப்பதால், உடலின் எதிர்ப்பு தாமதமாகவும் மந்தமாகவும்தான் கிளம்புகிறது. எரிச்சலும் கசிவும் வலியும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். எதிர்ப்பு மந்தம் என்றால் அடையாளமும் மந்தம்.

அந்தக் குமிழியை முதன்முதலில் நுண்ணோக்கியில் கண்டவர்கள் ஹால்பெர்ஸ்டாட்டர், புரோவாசெக் என்ற இருவர். 1907-இல் ஜாவாவில், டிரக்கோமா என்ற கண்நோயால் அவதிப்பட்டவர்களின் இமையிலிருந்து சுரண்டியெடுத்ததை ஒராங்குட்டான்களின் கண்ணில் இட்டு, பிறகு அந்தச் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று போர்வை போர்த்தியது போலத் தெரிந்தது. கிரேக்க மொழியில் தோளில் போடும் மேலாடைக்கு 'கிளமிஸ்' என்று பெயர். நோயின் பெயர் அங்கிருந்துதான் வந்தது. வெகுகாலம் இதை வைரஸ் என்றே பலர் நம்பினார்கள், ஏனெனில் தட்டில் வளரவில்லை. 1950-களில் சீன அறிஞர் டாங் ஃபெய்ஃபான்தான் கருவுற்ற முட்டைக்குள் இதை வளர்த்துக் காட்டினார். வளர்த்ததோடு நிற்காமல், நோயை உண்டாக்குவது இதுதான் என்று நிறுவத் தன் கண்ணிலேயே அதை இட்டுக்கொண்டார். பார்வையைப் பறிக்கும் டிரக்கோமாவும், இந்தப் பாலியல் தொற்றும் ஒரே கிருமியினத்தின் வெவ்வேறு வகைகளால் வருபவை.

இனி அறிகுறிகள். வருமானால், தொற்றுக்குப் பின் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வரும். சிலருக்கு மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

ஆண்களுக்கு அது பெரும்பாலும் காலையில்தான் தெரியும். இரவு முழுவதும் சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு எழுந்ததும், ஆணுறுப்பின் நுனித் துவாரம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் ஒரு சொட்டு வரும், சில சமயம் தண்ணீர் போலத் தெளிவாக, சில சமயம் கஞ்சித் தெளிவு போல மங்கலாக. உள்ளாடையின் முன்பக்கத்தில் சின்னக் கறை காய்ந்து விறைப்பாக இருக்கும். முதல் சிறுநீர் போனதும் அந்தச் சொட்டு கழுவப்பட்டுவிடுகிறது, பகல் முழுவதும் எதுவும் தெரிவதில்லை. மாலையில் மருத்துவரைப் பார்க்கும்போது காட்ட ஒன்றுமே இருக்காது. அதனால்தான் இதைப் பார்த்தவர்கள்கூடப் பார்த்ததை நம்புவதில்லை. இத்துடன் சிறுநீர்க் குழாயின் நுனியில் ஓர் அரிப்பு, கழிக்கும்போது கடுப்பு. அவ்வளவுதான்.

வெட்டை எனப்படும் கொனோரியாவில் நிலைமை வேறு. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாளிலேயே, மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சீழ் வடியும். எரிச்சலும் கடுமையாக இருக்கும். இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் வைத்து எந்த நோய் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றது தங்கிவிடும்.

ஆண்களிடம் தொற்று மேலேறினால் விதைப்பையில் ஒரு பக்கம் வலிக்கும். விரையின் பின்புறம் சுருண்டு கிடக்கும் குழாய் வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், நடக்கும்போது இழுக்கும். இந்த வலி ஓரிரு நாளில் மெல்ல மெல்லக் கூடும். வலி திடீரென்று, வெட்டினாற்போல, குமட்டலோடு வந்தால் அது கிளமிடியா இல்லாமல் விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அதற்கு அவசர சிகிச்சை வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை விடுவித்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டிய வலி அது அன்று.

பெண்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். கிருமி முதலில் குடியேறுவது கருப்பை வாயில். அங்கே தொடு உணர்வு நரம்புகள் குறைவு. வீங்கினாலும் சிவந்தாலும் வலி தெரியாது. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளக்கூடிய இடமும் இல்லை. எனவே வெளியே வருவதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வெளியே வருவதில் முதலாவது வெள்ளைப்படுதல். இது எல்லோருக்கும் ஓரளவு இருப்பதுதான் என்பதால் இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. பூஞ்சைத் தொற்றில் தயிர்த் திப்பி போலக் கட்டிகட்டியாகவும் பயங்கர அரிப்போடும் படும். பிறப்புறுப்பில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டுப்போனால் மீன் வாடை வரும். கிளமிடியாவில் பெரும்பாலும் அரிப்பும் இருக்காது, வாடையும் இருக்காது. வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் மஞ்சளாகப் படும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தனக்கு வழக்கமாக எப்படிப் படும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான். மாதத்தின் நடுவில் முட்டை வெண்கரு போலவும், பிறகு கெட்டியாகவும் மாறுவது இயல்பு. அந்த ஒழுங்கு மாறினால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அறிகுறி, என் கருத்தில் எல்லாவற்றிலும் மதிப்பு வாய்ந்தது: உடலுறவுக்குப் பிறகு ரத்தம். ஒரு துளி, துடைக்கும் துணியில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான் இருக்கும். அழற்சியால் கருப்பை வாயின் பரப்பு புண்பட்டுத் தளர்ந்திருப்பதால் லேசான உராய்வுக்கே ரத்தம் கசிகிறது. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் தொட்டாலும் கசியும். மாதவிடாய்க்கு நடுவே வரும் ரத்தத் துளிகளும் இதே வகை. கருத்தடை மாத்திரை பல மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவருக்குத் திடீரென்று இடையில் ரத்தம் பட்டால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றுவதற்கு முன் கிளமிடியா சோதனை செய்வது நல்லது. இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம் என்பது கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது, சிறுநீர்க் கடுப்பு. தொடக்கத்தில் சொன்ன அறிக்கைக்கு உரியவர் இந்த வரிசையில்தான் வருகிறார். கடுப்புக்கு மாத்திரை தருகிறார்கள், கொஞ்சம் குறைகிறது, மூன்று வாரத்தில் திரும்பி வருகிறது. சூட்டினால் வருகிறது, வெயிலில் அலைந்ததால் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. வளர்ப்புச் சோதனையில் எதுவும் இல்லாமல் கடுப்பு இரண்டாம் முறையும் வந்தால், "எனக்குக் கிளமிடியா பரிசோதனை செய்யுங்கள்" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு எத்தனை பெண்கள் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. கேட்பதற்கு முன்பே மருத்துவர் சொல்லியிருக்க வேண்டியது அது.

கிருமி கருப்பை வாயோடு நின்றுவிட்டால் தொல்லை குறைவு. சிகிச்சை பெறாத பெண்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அது மேலேறிக் கருப்பையையும் கருக்குழாய்களையும் தொடுகிறது. இடுப்புக்குழி அழற்சி என்று இதற்குப் பெயர். அடிவயிற்றின் இரண்டு பக்கமும் மந்தமான வலி, உடலுறவின்போது ஆழத்தில் குத்தல், காய்ச்சல், கூடுதலான மாதவிடாய் ரத்தம் என வரலாம். பெரும்பாலும் வலி அவ்வளவு பெரிதாக இருக்காது. 'மாதவிடாய் வரப்போகிறது போலிருக்கிறது' என்று தோன்றி, மாதவிடாய் வந்து போன பிறகும் அந்த இழுப்பு நீடித்தால் அதுவே அடையாளம்.

கருக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் நெல் வயலில் காற்றடிப்பது போல ஒரே திசையில் அசைந்துகொண்டிருக்கும். முட்டையைக் கருப்பைக்குத் தள்ளிக்கொண்டு போவது அவைதான். தொற்றை எதிர்க்கும் போராட்டத்தில் அந்த மயிரிழைச் செல்கள் உதிர்ந்துபோகின்றன. அவை இருந்த இடத்தில் தழும்பு படிகிறது. இந்தச் சேதத்தில் பெரும்பங்கு கிருமியால் நேர்வதில்லை, அதை எதிர்க்கும் உடலின் அழற்சியால்தான் நேர்கிறது. குழாய் முழுதும் அடைபட்டால் கருத்தரிப்பு கைகூடாது. பாதி அடைபட்டால் கரு நடுவழியில் சிக்கிக் குழாயிலேயே வளரத் தொடங்கும். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, தோள்பட்டையின் நுனியில் காரணமில்லாத வலியோ, தலைசுற்றி மயக்கமோ வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு துளி ரத்தமாக வந்து போன தொற்றின் விளைவைக் கருத்தரிப்பு மையத்தின் நாற்காலியில்தான் பல தம்பதிகள் முதன்முறையாக அறிகிறார்கள். அதுவும் பெரும்பாலும் பெண்ணின் மேல் குற்றமாக.

உடலின் வேறு இடங்களில் இது காட்டும் முகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசனவாய் வழி உறவு கொள்பவர்களுக்கு அங்கே தொற்றலாம். பெரும்பாலும் ஓசையில்லாமல் இருக்கும். ஆனால் எல்.ஜி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீரியமான வகை தொற்றினால் ரத்தமும் சளியும் போகும், மலம் கழித்த பிறகும் முக்கிக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றும். 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே இது பரவியபோது, குடல் அழற்சி நோய் என்று எண்ணத்தக்க அளவுக்கு அறிகுறிகள் ஒத்திருந்தன. மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. தொண்டையில் தொற்றினால் பொதுவாக எதுவும் தெரியாது. கையோடு கண்ணுக்குப் போனால் ஒரு கண் மட்டும் சிவந்து பீளை தள்ளும், வழக்கமான சொட்டு மருந்துக்கு வாரக்கணக்கில் அடங்காது. சிலருக்குத் தொற்று ஏற்பட்ட சில வாரங்களில் முழங்காலோ கணுக்காலோ வீங்கும். மூட்டு மருத்துவர் சிறுநீர்க் கடுப்பைப் பற்றிக் கேட்டால் வியப்படைய வேண்டாம், அவர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார். பெண்களில் சிலருக்கு ஈரலின் மேலுறை அழற்சியடைந்து வலது விலாவுக்குக் கீழே வலிக்கும்; பித்தப்பைக் கல் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். பிறந்து ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் குழந்தையின் கண் வீங்கிச் சீழ் வைப்பதும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காய்ச்சலே இல்லாமல் விட்டுவிட்டு இருமுவதும் இதனால் இருக்கலாம். குழந்தைக்குச் சிகிச்சை தரும்போது பெற்றோர் இருவருக்கும் சேர்த்தே தர வேண்டும்.

இத்தனையையும் படித்துவிட்டு, எனக்கு இதில் ஒன்றும் இல்லை என்பவர்களுக்கு: நீங்கள்தான் பெரும்பான்மை. தொற்றுள்ளவர்களிலும் உங்களைப் போன்றவர்கள்தான் பெரும்பான்மை. அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடலுறவு கொள்ளும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் எல்லோரையும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளச் சொல்கிறது. இள வயதில் கருப்பை வாயின் உட்புறச் செல்கள் வெளிப்பக்கம் வரை பரவியிருப்பதும், கிருமி விரும்பிப் பற்றுவது அந்தச் செல்களையே என்பதும் இதற்கு ஒரு காரணம். புதிய துணை அமைந்தால், துணைக்குத் தொற்று தெரியவந்தால், வேறு ஏதாவது பாலியல் தொற்று கண்டுபிடிக்கப்பட்டால், கருவுற்றால், வயது எதுவானாலும் சோதித்துக்கொள்வது நல்லது.

"ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எதுவும் இல்லை" என்று சொல்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மஞ்சள் காமாலை வைரஸ்கள் ஆகியவற்றை ரத்தத்தில் தேடலாம். கிளமிடியாவை அப்படித் தேடுவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கும் பாப் சோதனையும் இதற்கானதன்று. கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை தனியாக இருக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சோதனைக்குச் சிறுநீர் கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. நீர்க்கடுப்புக்கு மாதிரி எடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். கிளமிடியாவுக்கு நேர் எதிர். இங்கே வேண்டியது முதலில் வருவதுதான், ஏனெனில் சிறுநீர்க் குழாயின் சுவரிலிருந்து தொற்றுள்ள செல்களை அரித்துக்கொண்டு வருவது அந்த முதல் ஓட்டம். குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, துடைக்காமல், முதல் 20, 30 மில்லிலிட்டரை மட்டும் குப்பியில் பிடித்துவிட்டு மீதியை வெளியே விட வேண்டும். குப்பியை நிரப்பிக் கொடுத்தால் கிருமி நீர்த்துப்போய்ச் சோதனையில் தவறலாம். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுப்பது நம்பகமானது. அதைத் தாமே எடுத்துக்கொள்ளலாம், மருத்துவர் எடுப்பதற்கு அது குறைந்ததில்லை. ஆசனவாய்க்கும் தொண்டைக்கும் தனித்தனி மாதிரி வேண்டும். சிறுநீரில் தெளிவாக இருந்தும் அங்கே இருக்கலாம். ஐயத்துக்குரிய உறவுக்கு மறுநாளே ஓடிப்போய்ச் சோதித்தால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். இரண்டு வாரம் கழித்து எடுக்கும் முடிவை நம்பலாம்.

இந்தச் சோதனையையும் கிருமி ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. 2006-இல் சுவீடனின் ஹால்லாண்ட் மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை எதிர்பாராமல் குறைந்தது. மகிழ்ச்சியடையாமல் அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். தேடிப் பார்த்ததில், கிருமியின் மரபணுவில் எந்தத் துண்டைச் சோதனைக் கருவிகள் அடையாளமாகக் கொண்டிருந்தனவோ அந்தத் துண்டையே இழந்த ஒரு வகை உருவாகிப் பரவியிருந்தது. பரவலாகப் பயன்பட்டு வந்த இரண்டு வணிகச் சோதனைகளின் கண்ணில் அது படவே இல்லை. பிறகு சோதனைகள் ஒரே துண்டை நம்பாமல் வேறு பகுதிகளையும் தேடும்படி மாற்றியமைக்கப்பட்டன. அறிகுறிகள் மிகத் தெளிவாக இருந்து சோதனை மட்டும் இல்லை என்று சொன்னால், மறுமுறை சோதிக்கும் மருத்துவர் இந்த நினைவோடுதான் சோதிக்கிறார்.

மருந்து எளிது. பெரும்பாலானவர்களுக்கு டாக்சிசைக்ளின், ஒரு நாளைக்கு இரு வேளையாக 7 நாள். கருவுற்றவர்களுக்கு அது கூடாது, அவர்களுக்கு அசித்ரோமைசின் ஒரே வேளையாகத் தருவார்கள். டாக்சிசைக்ளினை ஒரு முழு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அந்த நாட்களில் வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும். எரிச்சல் மூன்றாம் நாளே நின்றாலும் ஏழாம் நாள் வரை சாப்பிட வேண்டும். அதுவரை ஆணுறையோடுகூட உறவு வேண்டாம். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு காரணம் போதும்: கூடவே கொனோரியா இருந்தால் இந்த மருந்து அதற்குப் போதாது.

மருந்தை விடக் கடினமானது வீட்டில் நடக்கும் பேச்சு. துணைக்கும் சிகிச்சை தராமல் ஒருவர் மட்டும் குணமாவதில் பயனில்லை. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் கிடையாது. ஆனால் சொல்லத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது? இந்தக் கேள்விக்குச் சோதனை விடை சொல்லாது என்பதைத் தம்பதிகள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொற்று மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில்கூட அறிகுறியின்றி இருக்கும். இன்றைய முடிவு, நேற்று தொற்றியதையும் திருமணத்துக்கு முன் தொற்றியதையும் ஒரே மாதிரிதான் காட்டும். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமலும் போகலாம், ஏனெனில் ஒவ்வொரு உறவிலும் தொற்றுவதில்லை, சிலர் உடல் தானாகவே அதை வென்றும் விடுகிறது. ஆய்வக அறிக்கையைத் துரோகத்தின் சாட்சியாக வைத்துக் குடும்பம் பிரிந்தால், அந்த அறிக்கை சொல்லாத ஒன்றை நாமே அதில் எழுதிக்கொண்டோம் என்றுதான் பொருள். கழிப்பறை இருக்கையிலிருந்தோ துண்டிலிருந்தோ வந்திருக்கும் என்று சமாளிப்பதும் உதவாது, அப்படி வருவதில்லை. "எனக்கு இது இருப்பதாகத் தெரிந்தது, எவ்வளவு நாளாக என்று யாராலும் சொல்ல முடியாதாம், நீயும் பார்த்துக்கொள்" என்ற அளவில் சொன்னால் அது உண்மையும் ஆகும், போதுமானதும் ஆகும். நேரில் சொல்ல முடியாதவர்கள் மருத்துவரையோ ஆலோசகரையோ சொல்லச் சொல்லலாம். கடந்த இரண்டு மாதத்துத் துணைகள் அனைவருக்கும் செய்தி போக வேண்டும்.

சிகிச்சை முடிந்த மறுவாரமே குணமாகிவிட்டதா என்று மறுபடி சோதித்துப் பார்க்கும் ஆசை வரும். செத்த கிருமியின் மரபணுத் துணுக்குகள் மூன்று நான்கு வாரம் வரை அங்கே தங்கியிருக்கும். சோதனை உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்தறியாது, உண்டு என்றே காட்டும். கருவுற்றவர்கள் நான்கு வாரம் கழித்துச் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு முறை போக வேண்டும். அந்த முறையும் ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்து, முதலில் வருவதைத்தான் பிடிக்க வேண்டும்.